குடிக்கூலியும் மௌனமும்

குடிக்கூலியை உயர்த்த விரும்பும் வீட்டுக்காரர் அதனைக் குடியிருப்பவருக்கு எவ்வாறு அறிவித்தல் வேண்டும்? நம் தெருக்களில் அடிக்கடி எழும் வினா இது. "அடுத்த மாதம் கூட்டித் தரச் சொல்" என்று சிறுபிள்ளையிடம் சொல்லியனுப்புவோர் உளர். பணத்தை வாங்கி எண்ணிய பின்னர், "இது போதாதே" என்போரும் உளர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வினாவுக்குத் தெளிவாக விடை வகுத்த சட்ட நூல் ஒன்றுண்டு. அதுவே உதுமானியத் துருக்கியரின் 'மஜல்லா'.

ஹனபி மத்ஹபின் சட்டங்கள் அரபு பிக்ஹு நூல்கள் பலவற்றில் விரிந்து கிடந்தன. புதிதாக அமைந்த நீதிமன்றங்களின் நடுவர் அனைவரும் அவற்றைக் கற்றுத் தேர்ந்தவரல்லர். ஆகவே, எண்ணிட்ட விதிகளாக அவற்றைத் தொகுக்கும் பணியை அஹ்மது ஜவ்தத் பாஷா முன்னின்று நடத்தினார். 1869 முதல் 1876 வரை வெளியான அத்தொகுப்பு 16 நூல்களும் 1,851 விதிகளும் கொண்டது. அதன் இரண்டாம் நூல் இஜாரா என்னும் வாடகை பற்றியது.

காலவரை கூறாமல், மாதம் இவ்வளவு என்று மட்டும் பேசிக் குடியமர்த்துவது அன்றும் வழக்கம். இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்கிறது 494ஆம் விதி. ஆயினும், முதல் மாதம் கழிந்தபின் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் அதன் இரவிலும் இருவரில் எவரும் அதனை முறித்துக்கொள்ளலாம். அந்நேரம் கடந்துவிட்டால் அம்மாதம் முழுமைக்கும் இருவரும் கட்டுண்டவரே. மாத நடுவில் முறிப்பதாகச் சொன்னால், அம்மாத முடிவிலேயே அது நடைமுறைக்கு வரும். இரண்டு மூன்று மாத வாடகையை முன்னரே பெற்றுக்கொண்டவர் அம்மாதங்கள் கழியும் வரை முறிக்க இயலாது.

வாடகை உயர்வுக்குரிய வாயிலும் இதுவே. 438ஆம் விதி ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. மாதம் ஐம்பது குருஷுக்குக் கடையெடுத்த ஒருவரிடம் மாதத் தொடக்கத்தில் உரிமையாளர் வந்து, அறுபதுக்கு இசைந்தால் இருக்கலாம், இல்லையேல் காலி செய்க என்கிறார். இசையேன் என்று வாய்திறந்து சொல்லிவிட்டு அவர் தங்கினால் ஐம்பதே கடமை. ஒன்றும் சொல்லாமல் தங்கினால் அறுபது கடமை. உரிமையாளர் நூறு கேட்க, இவர் எண்பது என்று சொல்ல, அவர் பேசாது விட்டுவிட்டால் எண்பதே கூலி. இருவரும் தத்தம் சொல்லில் நின்றால் 'அஜ்ருல் மித்ல்', அதாவது நடுநிலையான விவரமறிந்தோர் மதிக்கும் ஒத்த வாடகை கொடுபடும்.

மௌனமாயிருப்பவர் மீது ஒரு சொல்லை ஏற்றலாகாது என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் கோட்பாடு. மஜல்லாவின் 67ஆம் விதி இதனை ஏற்று, பேசியாக வேண்டிய இடத்தில் காக்கும் மௌனத்தை மட்டும் பேச்சாகவே கொள்கிறது. இதனால் மௌனம் குடியிருப்பவரை மட்டுமன்றி உரிமையாளரையும் கட்டும் என்பதை மேற்கண்ட எடுத்துக்காட்டிலேயே கண்டோம்.

எனினும், நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழாமலில்லை. பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவர் ஒரு பகலிலும் ஓரிரவிலும் வேறு வீடு தேடுவது எங்ஙனம்? போக்கிடமில்லாதவர் வாய்மூடி நிற்பது இசைவாகுமா? சட்டம் இதனைக் கடமை என்று கூறலாம். மனநிறைவு என்று நாம் கூறோம். இதற்கான வழியும் அவ்விதியிலேயே உள்ளது. மாத நடுவிலேயே சொல்லிவிட்டால், முடிவு வரும்வரை அவருக்கு எண்ணிப் பார்க்கவும் இடம் தேடவும் அவகாசம் கிடைக்கும். ஷாபிஈ மத்ஹபினரோ, மாதம் இவ்வளவு என்று மட்டும் பேசிக் காலவரையைக் கூறாத வாடகை ஒப்பந்தமே செல்லாது என்பர். காலத்தை முதலிலேயே வரையறுத்துவிட்டால், இடையில் உயர்வு கேட்கும் பேச்சுக்கே இடமில்லை.

துருக்கியில் மஜல்லாவின் ஆட்சி 1926இல் முடிந்தது. ஜோர்டானில் 1976இல் புதிய உரிமையியல் சட்டம் வரும்வரை அது வழங்கிற்று. இன்று நம் நாட்டு நீதிமன்றங்களை அது கட்டாது. இங்குள்ள சட்டம் வேறு. ஆயினும், வீடும் கடையும் வாடகைக்கு விடும் நம் குடும்பத்தார் அதனிடம் கற்க வேண்டியது உண்டு. உயர்வைக் குடியிருப்பவரிடமே நேரில், தொகையைத் தெளிவாகக் கூறி, மாதம் பிறக்குமுன் தக்க அவகாசத்தோடு தெரிவியுங்கள். அவர் மறுமொழி சொல்லும் வரை காத்திருங்கள்.