ஜீப் மலை ஏறிவிட்டது, ஆர்.சி. இன்னும் பழைய பெயரில்: வண்டியை விற்பவர் மாட்டிக்கொள்வது எங்கே?

கம்பம், கூடலூர், போடி பக்கம் கூரையைக் கழற்றி ஓட்டும் வண்டி என்றால் ஜீப்தான். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பழைய படுதா ஜீப்புகள் ஒரு பக்கம். 2020 அக்டோபரில் வந்த புதிய மஹிந்திரா தாரின் சாஃப்ட் டாப் மாடல் இன்னொரு பக்கம். நல்லா பராமரித்த வண்டி என்றால் மலைக்கு மேலேயும் வாங்க ஆள் உண்டு. விலை பேசுவது சுலபம்; பெயர் மாற்றத்தில்தான் விற்றவர் மாட்டுகிறார்.

காசு வாங்கியாச்சு, அப்புறம் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். 2007-ல் விற்ற வண்டி, அடுத்தடுத்து பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. யாருமே ஆர்.சி.யை மாற்றவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் யார் யாரிடம் கைமாறியது என்று தேடி அலைய முடியாது, பதிவில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். "நான் வித்துட்டேன் சார்" என்ற பதில் எடுபடவில்லை.

இதைத் தேனி மாவட்டத்து ஜீப்புக்குப் பொருத்திப் பார்த்தால் வயிறு கலங்கும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஜீப்பில் கூலி ஆட்களை வாடகைக்கு ஏற்றிப்போய், மலைப்பாதையில் கவிழ்ந்தால், பாலிசி நிபந்தனையை மீறியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம். அப்போது நோட்டீஸ் வருவது ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்கு.

தமிழ்நாட்டைத் தாண்டினால் கூடுதல் வேலை

வாங்குபவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் படிவம் 29, படிவம் 30 போதும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். ஆனால் டி.என்.60 வண்டி இடுக்கிக்குப் போய் கே.எல். நம்பருக்கு மாறப் போகிறது என்றால், வண்டி பதிவான அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்கணும். இதற்கு 45 நாள் அவகாசம். வரி பாக்கி, இ-சலான் அபராதம் இருந்தால் என்.ஓ.சி. நகராது. வண்டி மேல் கடன் இருந்திருந்தால், கட்டி முடித்தது மட்டும் போதாது. வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும்.

"என்.ஓ.சி.யை நானே பாத்துக்கிறேன், ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க" என்று புரோக்கர் கேட்டால் உஷாராக வேண்டும். பூர்த்தி செய்யாத படிவத்தில் போட்ட கையெழுத்து எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. பழைய வண்டி வியாபாரியிடம் விடுவதாக இருந்தால், அவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் ஆன்லைனில் பதிந்துவிட்டால், அதன்பிறகு வண்டிக்கு அவர்தான் பொறுப்பு.

விலை எங்கே அடிபடும்?

ஜீப் தெரிந்தவர் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். கீழே குனிந்து சேசிஸில் துரு இருக்கா என்று பார்ப்பார், ஃபோர் வீல் கியர் விழுதா என்று போட்டுப் பார்ப்பார், இன்ஜின் சூடாவதற்கு முன் முதல் ஸ்டார்ட்டைக் கேட்பார். விற்கும் முன் அடிப்பகுதிக்குப் புதுசாக கறுப்பு பெயின்ட் அடித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். சர்வீஸ் பில்களை எடுத்து வைப்பது அதைவிட மேல்.

கூரையை வெட்டி ஓப்பன் ஜீப்பாக்கிய வண்டி என்றால் கதையே வேறு. தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஒன்று, ரோட்டில் ஒன்று என்றால் எல்லை தாண்டி மறுபதிவுக்குப் போகும்போது சிக்கும்.

15 வயது தாண்டிய ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்க ரூ.5,000 கட்டணம். 20 வயது தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி ரூ.10,000. யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது.

வண்டியை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட், வாங்குபவரின் அடையாள அட்டை நகல் இரண்டும் விற்பவர் கையில் இருக்கணும். ஃபாஸ்டேகை மூடாவிட்டால், அடுத்தவர் கடக்கும் டோலுக்குப் பணம் இவர் கணக்கில் கழியும். க்ளெய்ம் எடுக்காததால் கிடைத்த நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது விற்றவருக்கே சொந்தம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கி வைத்தால், 3 ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு அந்தத் தள்ளுபடியைப் பயன்படுத்தலாம்.