தேடியதேட்டமும் வருமான வரியும்

கணவனும் மனைவியும் ஈருடல் ஓருயிர் என்று வாழ்த்துவது நம் திருமண மேடைகளில் வழக்கம். வாழ்த்துக்கு அது பொருந்தும். ஆனால், வருமான வரிக் கணக்கு எழுதப் புகும்போது அவ்விருவரும் ஒருவரா, இருவரா என்னும் வினா எழுகின்றது. இதற்குச் சட்டங்கள் கூறிய விடை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஒரே நாட்டிலும் காலத்துக்குக் காலம் மாறியது. அவ்விடையின் உண்மைத் தன்மை வருவாய் பெருகும்போது தெரிவதில்லை. வாடகைக்கு விட்ட வீட்டில் நட்டம் வரும்போதுதான் தெரிகின்றது. அந்த நட்டம் யார் கணக்கில் சேரும் என்பதன் வரலாற்றை இங்கே ஆராய்வோம்.

இது நமக்குப் புறம்பான ஆராய்ச்சி அன்று. நம் பாட்டன் பாட்டிமார் லயத்து வீடுகளில் குடியிருந்தனர். வேலை போனால் வீடும் போகும் என்பதே அவர்கள் வாழ்ந்த நிலை. இன்று உலு திராம் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல குடியிருப்புகளாகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுத்தராகவும் சிங்கப்பூருக்குச் சென்று உழைப்போராகவும் உயர்ந்து, வங்கிக் கடனில் வீடு வாங்குகின்றனர். இரண்டாவது வீட்டை வாடகைக்கு விடுவோரும் உளர். அவ்வீட்டின் கிராண்டில் யார் பெயரை எழுதுவது என்பது, சொந்த வீடே அறியாத தலைமுறைகளுக்குப் பின் நம்மிடம் வந்திருக்கும் புதிய வினா.

ஆங்கிலேயர் கொண்டுவந்த கொள்கை

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, திருமணமான பெண்ணின் சட்ட நிலை கணவனுடைய நிலைக்குள் அடங்கிவிடும். அவளுடைய பொருளை ஆளும் உரிமையும் பெரும்பாலும் அவனைச் சேரும். 1799இல் பிட் வருமான வரியை விதித்தபோது இக்கொள்கையே நாட்டில் நிலவியது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கணவனோடு வாழும் மனைவியின் வருமானம் கணவனின் வருமானமாகவே கருதப்படும் என்னும் விதி வரிச் சட்டத்தில் இடம்பெற்றது.

1882ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் மனைவிக்குத் தனிச்சொத்து உரிமையை முழுமையாக வழங்கியது. சொத்துச் சட்டம் திருந்திற்று; வரிச் சட்டமோ திருந்தவில்லை. வீடு அவளுடையது, வாடகையும் அவளுடையது. ஆனால் வரிக் கணக்கில் மட்டும் அது அவனுடையது. இந்த முரண்பாடு அந்நாட்டில் முற்றிலும் நீங்கியது 1990இல்தான் என்றால் வியப்பாக இருக்கின்றது அன்றோ!

யாழ்ப்பாணத்துத் தமிழர் கண்ட முறை

இனி, தமிழர் வழக்கம் ஒன்றை இதனோடு ஒப்பிட்டுக் காண்போம். யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே நிலவிய வழக்கங்களை 1707இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அதுவே தேசவழமை எனப்படும். அதில் குடும்பச் சொத்து மூவகையாகப் பகுக்கப்பெற்றுள்ளது. கணவன் வழி வந்த பரம்பரைச் சொத்து முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம்.

தேடியதேட்டம் என்னும் சொல்லின் அழகை நோக்குக. யார் தேடியது என்று அது கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தேடியது, ஆதலின் இருவருக்கும் உரியது என்பதே அதன் கருத்து. 1911ஆம் ஆண்டு இலங்கையில் இயற்றப்பெற்ற யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம், தனிச்சொத்திலிருந்து மணவாழ்வில் கிடைத்த ஊதியத்தையும் தேடியதேட்டத்தில் சேர்த்தது. அதாவது, சீதன வீடு மனைவியுடையதாகவே இருக்கும்; அவ்வீட்டின் வாடகை மட்டும் இருவருக்கும் பொதுவாகும். ஆங்கிலச் சட்டம் இருவரை ஒருவராக்கியது. இவ்வழக்கம் இருவரை இருவராகவே வைத்துப் பங்காளிகளாக்கியது.

தேசவழமை பெண்ணுக்கு முழு விடுதலை தந்ததென்று கூறிவிடலாகாது. மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவனின் இசைவு வேண்டுமென்ற கட்டுப்பாடு அதில் இருந்தது. எனினும், ஈட்டியதில் சரிபாதி அவளுக்கு என்னும் கொள்கையை அது தெளிவாக நாட்டியது. எழுத்தர்களாகவும் இரயில்வே ஊழியர்களாகவும் ஆசிரியர்களாகவும் மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தார் இச்சொற்களை நன்கு அறிந்தவர்கள். ஆனால், மலாயாவின் வரிச் சட்டம் எழுதப்பட்டது ஆங்கிலேயர் கொள்கையின்மீதே.

மலாயாவில் நடந்தது

1947ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 1948 முதல் மலாயாவில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கென 1922இல் வகுக்கப்பட்டிருந்த மாதிரிச் சட்டத்தைத் தழுவியே அது அமைந்தது. மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகக் கருதும் விதியும் அதனோடு வந்தது. விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே மணமான பெண்கள் சட்டம் பெண்ணின் தனிச்சொத்து உரிமையை உறுதி செய்தது. பின்னர் இயற்றப்பெற்ற 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமோ பழைய விதியையே தொடர்ந்தது. இங்கிலாந்தில் கண்ட அதே முரண்பாடு இங்கும் வேர்கொண்டது.

இதன் பயன் யாதெனில், மனைவியின் வீட்டு வாடகை கணவனின் சம்பளத்தின்மேல் அடுக்கப்பட்டு, அவனுக்குரிய மிக உயர்ந்த விகிதத்தில் வரி விதிக்கப்பட்டது. அவளுக்கெனத் தனிக் கணக்கு இல்லை. வரி அலுவலகத்தின் கண்ணில் அவள் ஒரு சார்ந்தோள், கணவன் பெறும் கழிவுக்கு ஒரு காரணம், அவ்வளவே. இடைக்காலத்தில் சில விலக்குகள் வந்தன. 1991ஆம் மதிப்பீட்டாண்டு முதல்தான் மனைவி தனி வரிசெலுத்துநராக ஏற்கப்பெற்றாள். இன்று தனி மதிப்பீடே பொது விதி. இருவரும் விரும்பினால் ஒருவரது மொத்த வருமானத்தை மற்றவரது வருமானத்தோடு சேர்த்துக் கூட்டு மதிப்பீடு கேட்கலாம்.

வருமானம் கடக்கும், நட்டம் கடக்காது

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்ற பாடம். ஆகவே, நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் குடும்பத்தைக் கற்பனையில் நிறுத்திக் கணக்கிடுவோம்.

கணவர் ஆசிரியர், மனைவிக்குச் சம்பளம் இல்லை. மனைவி பெயரில் உள்ள வீட்டிலிருந்து செலவு போக ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் கிடைக்கின்றது. தனி மதிப்பீட்டில் அவருக்கு வரி வராது. ஆனால் கணவர் மனைவிக்குரிய 4,000 ரிங்கிட் கழிவைப் பெற இயலாது. கூட்டு மதிப்பீட்டில் 3,000 கணவரின் கணக்கில் சேரும், 4,000 கழியும். வரிக்குரிய வருமானம் 1,000 ரிங்கிட் குறைகின்றது. வருமானம் ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குத் தடையின்றிக் கடந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அவ்வீடு சில மாதம் ஆளின்றிக் கிடந்தது என்று கொள்வோம். வாடகை 9,000 ரிங்கிட்; வங்கி வட்டி, வீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து 11,500 ரிங்கிட். நட்டம் 2,500. இதைக் கணவரின் சம்பளத்தில் கழிக்கலாமா? இயலாது. கூட்டு மதிப்பீடு மொத்த வருமானத்தைச் சேர்க்கும் ஏற்பாடு. மனைவிக்கோ அவ்வாண்டில் சேர்ப்பதற்கு வருமானமே இல்லை. மொத்த வருமானம் இல்லாத மனைவிக்குரிய 4,000 கழிவைக் கணவர் பெறலாம். நட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

மனைவியும் ஆசிரியையாயின்? தம் சம்பளத்திலேயாவது அதைக் கழித்துக்கொள்ளலாமா? அதுவும் இயலாது. வணிகமாகக் கொள்ளப்படாத வாடகை, சட்டத்தின் நான்காம் பிரிவில் தனி வகையாக வைக்கப்பட்டுள்ளது. அவ்வகையில் வாடகைக்கு மேற்பட்ட செலவு வேறு வருமானத்தில் கழியாது; அடுத்த ஆண்டுக்கும் செல்லாது. பராமரிப்புப் பணிகளை முழுமையாகவும் தீவிரமாகவும் வழங்கி, வீடு விடுவதை வணிகமாகவே நடத்துவோர்க்கு வேறு விதி உண்டு. நம்மனோரில் பெரும்பாலோர் அவ்வகையினர் அல்லர்.

இங்ஙனம் நம் நாட்டில் நட்டத்தைச் சுற்றி இரண்டு சுவர்கள் உள்ளன. வாடகைக்கும் சம்பளத்துக்கும் இடையே ஒன்று. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஒன்று. முதற் சுவரை நம்மால் அசைக்க இயலாது. இரண்டாவது சுவர் எழுவதும் எழாததும் கிராண்டில் எழுதிய பெயரைப் பொறுத்தது.

குடும்பத்துக்கு இரண்டு வாடகை வீடுகள் இருப்பின் இது விளங்கும். கணவர் பெயரிலுள்ள வீட்டில் 4,000 ரிங்கிட் மிச்சம். மனைவி பெயரிலுள்ள வீட்டில் 2,500 நட்டம். கணவர் 4,000க்கும் வரிக் கணக்குக் காட்டவேண்டும். மனைவியின் 2,500 வீணாகும். இரண்டு வீடுகளும் இருவர் பெயரிலும் சரிபாதியாக இருந்திருந்தால்? ஒவ்வொருவருக்கும் 2,000 மிச்சம், 1,250 நட்டம். ஆளுக்கு 750 மட்டுமே வரிக்குரியது. குடும்பத்தின் உண்மையான ஊதியமும் அந்த 1,500தான். தேடியதேட்டம் என்று நம் முன்னோர் சொன்னதை இரண்டு கிராண்டுகளிலும் எழுதிவைத்தால், சட்டம் அதனை மதிக்கின்றது.

பிற நாடுகளின் விடை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினா உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி மணவாழ்வில் ஈட்டியது இருவருக்கும் பொது. அம்மாநிலத்துச் சீபார்ன் தம்பதியர், வருமானத்தைப் பாதிபாதியாகப் பிரித்துத் தனித்தனியே கணக்குக் காட்டினர். அது சரியென்று 1930இல் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கம் இல்லாத மாநிலத்தார்க்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. இந்த வேறுபாட்டை நீக்கவே 1948இல் நாடு முழுவதற்கும் கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் வருமானத்தைப் பிரிக்கும் முறை வந்தது.

பிறகு, மருத்துவர் போன்ற செல்வர் பலர் வீடுகளை வாங்கி, ஏட்டளவில் நட்டம் காட்டி வரியைக் குறைத்தனர். அதனைத் தடுக்க 1986இல் சட்டம் திருத்தப்பெற்றது. வாடகை நட்டம் பொதுவாகச் சம்பளத்தில் கழியாது. தாமே வீட்டுப் பொறுப்பைக் கவனிக்கும் நடுத்தர வருவாயினர் மட்டும் 25,000 டாலர்வரை கழிக்கலாம். தனிக் கணக்குக் காட்டும் தம்பதியர் ஆண்டு முழுவதும் பிரிந்து வாழ்ந்திருந்தால் ஆளுக்கு 12,500 டாலர். ஆண்டின் எப்பகுதியிலேனும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அச்சலுகை அறவே இல்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துகொண்டு தனிக் கணக்கு எழுதுவோரை அச்சட்டம் ஐயக்கண் கொண்டு நோக்குகின்றது.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி சென்றது. அங்கே கணவன் மனைவியர் தனித்தனி வரிசெலுத்துநர். எனினும், தக்க விலை பெறாமல் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினால், கொடுத்த கணவனே உரிமையாளனாகக் கருதப்படுவான் என்று அது விதித்தது. வாழ்க்கைத் துணையின் வருமானத்தைச் சேர்க்குமிடத்து வருமானம் என்பது நட்டத்தையும் உள்ளடக்கும் என்றும் விளக்கம் தந்தது. இனிப்பைச் சேர்ப்பவன் கசப்பையும் சேர்க்கவேண்டும் என்னும் இந்த நேர்மை பாராட்டத்தக்கது. போர்த்துக்கேயர் சட்டம் வழங்கிய கோவாவிலோ, வீட்டு வாடகை முதலியவற்றைத் தம்பதியர் இருவர்க்கும் சரிபாதியாகப் பங்கிடும் தனிப் பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கருத்துக்கு அது மிக அண்மையானது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. வருமானத்தைச் சேர்ப்பதில் அரசுகள் விரைந்தன; நட்டத்தைச் சேர்ப்பதில் தயங்கின. ஆகவே, ஒரு சட்டம் கணவன் மனைவியரை ஒருவராக எண்ணுகின்றதா என்று அறிய, அது வருமானத்தை எங்ஙனம் நடத்துகின்றது என்று மட்டும் பார்ப்பது போதாது.

வரி மிச்சத்துக்காக மட்டும் பெயர் மாற்றுக என்று கூறுவது நம் நோக்கமன்று. பெயர் மாற்றத்துக்குச் செலவுண்டு; வங்கியின் இசைவும் வேண்டும். ஆனால், புதிதாக வீடு வாங்குமிடத்து ஆண்மகன் பெயரையே தனியாக எழுதுவது நம்மவரிடையே எண்ணிப் பாராத வழக்கமாகிவிட்டது. கடன் தவணையில் மனைவியின் சம்பளமும் செல்கின்றது. சம்பளமில்லாத மனைவியின் சிக்கனமும் செல்கின்றது. நம் நாட்டு நிலச் சட்டம் பதிவேட்டிலுள்ள பெயருக்கே முதன்மை தருகின்றது. மணமுறிவு நேர்ந்தால் பங்கு கேட்க 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் வழி செய்துள்ளதெனினும், நீதிமன்றப் படியேறிப் பெறவேண்டிய பங்கைவிட, வாங்கும் நாளிலேயே எழுதப்பட்ட பங்கு உறுதியானது.

வாடகைச் சீட்டுகளையும் வட்டிக் கணக்கையும் ஏழாண்டு பாதுகாத்து வைப்பதும், அவற்றை மனைவியும் படித்து அறிந்திருப்பதும் இதனோடு சேர்ந்த கடமைகள். 1991வரை வரி ஏட்டில் தனிப் பெயரின்றி இருந்தவர்களின் மகளிரும் பேத்தியரும் இன்று நம் வகுப்பறைகளில் கணக்குப் பாடம் நடத்துகின்றனர். வீட்டுக் கிராண்டிலும் அவர்கள் பெயர் இருத்தல் தகும்.