வறள்நிலத் தோட்ட அமைப்பு

வறள்நிலத் தோட்ட அமைப்பு என்பது, மழை குறைந்த பகுதிகளில் அந்தந்த மண்ணுக்குரிய மரம், செடி, புல் வகைகளைக் கொண்டு வீட்டுத் தோட்டங்களையும் பூங்காக்களையும் சாலையோரங்களையும் மிகக் குறைந்த பாசனத்தில் வாழும்படி வடிவமைக்கும் முறை. ஆங்கிலத்தில் ‘ஸெரிஸ்கேப்’ எனப்படும் இது, 1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் அப்பெயருடன் உருவம் பெற்றது. பின்னர் நெவாடா, அரிசோனா, கலிஃபோர்னியா முதலிய மாநிலங்களில் பரவி, இன்று பல இடங்களில் சட்டத்தின் துணையும் பெற்றிருக்கிறது. ஓர் இடத்தில் எவ்வளவு மழை பெய்கிறது, அது எங்கே ஓடுகிறது, எந்த உயிர்கள் அதை நம்பி வாழப் பழகியிருக்கின்றன என்பவற்றை அறிந்து, அந்த அளவுக்குள் தோட்டத்தை அமைப்பதே இம்முறையின் அடிப்படை.

தோற்றம்

டென்வரில் ஆண்டுக்குச் சுமார் 370 மி.மீ. மழையும் பனியும் பெய்கின்றன. இயல்பில் இது குட்டைப் புல்வெளி நிலம். எருமைப்புல், நீலக் கிராமா போன்ற சிறு புற்கள் அங்கே பாசனமின்றியே வளர்பவை. ஆனால் மழை மிகுந்த கிழக்குப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள், தாங்கள் பழகிய பச்சைப் புல்வெளியையும் உடன் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு விரிக்கப்பட்ட ‘கென்டக்கி புளூகிராஸ்’ குளிர்ந்த, ஈரமான நிலங்களுக்கு உரிய புல். கோடை முழுவதும் குடிநீரைப் பாய்ச்சித்தான் அதைப் பச்சையாக வைத்திருக்க முடியும். இந்தச் செலவைக் குறைக்க டென்வர் நகரக் குடிநீர்த் துறை, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம், தோட்ட ஒப்பந்ததாரர் சங்கம் ஆகியவை சேர்ந்து எடுத்த முயற்சியில்தான் ஸெரிஸ்கேப் பிறந்தது.

பெயர் புதிது, அறிவு பழையது. நியூ மெக்சிகோவின் ஸூனி மக்கள், தரை மட்டத்துக்குக் கீழே சிறு சதுரக் குழிப் பாத்திகள் வெட்டி, சுற்றிலும் களிமண் வரப்பு எழுப்பிப் பயிர் செய்தார்கள். வரப்பு காற்றைத் தடுக்கும். குழி நீரைப் பிடித்து வைக்கும். அரிசோனாவின் டொஹோனோ ஓதம் மக்கள், கோடை மழையில் காட்டோடைகள் சமவெளியில் விரிந்து பரவும் இடங்களைத் தேர்ந்து, அந்த ஒரு வெள்ளத்தின் ஈரத்திலேயே விரைவில் விளையும் டெப்பாரி அவரையைப் பயிரிட்டார்கள். நீரைத் தேடி நிலத்துக்குக் கொண்டுவராமல், நீர் வந்து சேரும் நிலத்தைத் தேடிச் சென்ற வேளாண்மை இது.

நீர்க் கணக்கு

வறண்ட நகரங்களில் வீட்டுக்குள் புழங்கும் நீரைவிடத் தோட்டத்துக்குப் போகும் நீரே பெரும் சிக்கல். இதைத் தெளிவாகக் காட்டும் நகரம் லாஸ் வேகாஸ். அங்கே ஆண்டு மழை 100 மி.மீ.-க்குச் சற்றே அதிகம். நகரின் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நெவாடாவுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 37 கோடி கன மீட்டர். வீட்டுக்குள் பயன்படுத்திய நீர் சாக்கடை வழியே சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு, அதே ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்குத் திரும்புகிறது. திரும்பிய அளவை மாநிலம் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். புல்வெளியில் தெளித்த நீரோ வெயிலில் ஆவியாகிவிடும், அது திரும்புவதில்லை. ஆகவே குளிப்பதைக் குறைப்பதைவிடப் புல்லைக் குறைப்பதே அந்நகருக்குப் பெரிய மிச்சம்.

தென் நெவாடா நீர் ஆணையம் பல ஆண்டுகள் வீடுகளில் மானி பொருத்தி அளந்து, 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணால் காட்டியது. புல்வெளிக்கு ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 கேலன் நீர் செலவானது. வறள்நிலத் தோட்டத்துக்கு 17.2 கேலன் போதுமாக இருந்தது. நம் அளவில் சொன்னால், ஒரு சதுர மீட்டருக்கு முறையே சுமார் 2,970 லிட்டரும் 700 லிட்டரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்பது ஒரு மி.மீ. மழைக்குச் சமம். அப்படியானால் 100 மி.மீ. மழை காணும் பாலைவனத்தில், புல்லுக்காக ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் கொட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்தை மாற்றிய வீடுகளின் மொத்த நீர்ச் செலவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது.

ஏழு கோட்பாடுகள்

டென்வர் வகுத்த கோட்பாடுகள் ஏழு: திட்டமிடல், மண்ணைச் சீர்செய்தல், சிக்கனப் பாசனம், நீர்த் தேவைப்படி செடிகளைப் பிரித்தல், மூடாக்கு இடுதல், புல்வெளியைத் தேவையான இடத்தில் மட்டும் வைத்தல், முறையான பராமரிப்பு.

இவற்றில் நீர் மிச்சத்துக்கு உயிர்நாடியாக இருப்பது செடிகளைப் பிரித்து நடுவது. அதிக நீர் கேட்கும் செடியும் குறைந்த நீர் கேட்கும் செடியும் ஒரே பாசனக் குழாயில் இருந்தால், தாகம் மிகுந்த செடியின் தேவைக்கே குழாய் திறக்கப்படும். மற்றதற்குப் பாய்வது வீண். சில வேளை வேரழுகலுக்கும் அது காரணமாகும். வீட்டை ஒட்டிய முற்றத்தில் அதிக நீர், நடுப்பகுதியில் மிதமான நீர், வேலியோரத்தில் மழை மட்டும் என்று மூன்று வட்டங்களாகப் பிரிப்பது வழக்கமான அமைப்பு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வகைப்பாடு இதற்கு எண் வரையறை தருகிறது. நீர் குறையாத புல் பரப்பிலிருந்து ஆவியாகும் அளவை 100 என்று கொண்டால், 10-க்கும் குறைவாகக் கேட்பவை மிகக் குறைந்த தேவையுள்ள செடிகள். 10 முதல் 30 வரை குறைந்த தேவை. 40 முதல் 60 வரை மிதம். 70 முதல் 90 வரை அதிகம்.

பாசனத்தில் சொட்டுநீர் முறையே பரிந்துரைக்கப்படுகிறது. அடிமரத்தை ஒட்டிச் சொட்டவிடுவது தவறு. நீரை உறிஞ்சும் வேர்கள் கிளைநுனிக்கு நேர் கீழேயும் அதற்கு வெளியேயும் இருப்பதால், மரம் வளர வளரச் சொட்டுவான்களை வெளிநோக்கி நகர்த்த வேண்டும். நாள்தோறும் சிறிது விடுவதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக விடுவதே நல்லது. வேர் கீழ்நோக்கி இறங்கும். மேல்மண்ணில் உப்புப் படிவதும் குறையும். 7 முதல் 10 செ.மீ. கனத்தில் மரத்தூள், சருகு, சிறுகல் ஆகியவற்றுள் ஒன்றை மூடாக்காக இட்டால் ஆவியாதலும் களையும் அடங்கும்.

மண்ணைச் சீர்செய்யும் கோட்பாடு எல்லா இடத்துக்கும் ஒரேபடி பொருந்தாது. டென்வரின் இறுகிய களிமண்ணுக்குத் தொழுஎரு நன்மை செய்யும். அரிசோனாவின் பாலைச் செடிகள் வளமற்ற, நீர் வடியும் மண்ணுக்கே பழகியவை. அவற்றுக்கு எருவிட்டால் தளதளவென்று வளர்ந்து காற்றில் சாயும். அங்கே கவனிக்க வேண்டியது, தரைக்கடியில் சுண்ணாம்பு இறுகி உருவாகும் சுக்கான் அடுக்கு. அதை உடைத்து வடிகால் ஏற்படுத்தாமல் நட்டால், குழியில் தேங்கும் நீரிலேயே செடி மடியும்.

மழையை வாங்கும் நிலம்

வறள்நிலத் தோட்டத்தின் முதல் பாசனம் மழையே. அரிசோனாவின் டூசான் நகரம் குளிர்காலம், கோடைப் பருவக்காற்றுக் காலம் என இரு பருவங்களில் ஆண்டுக்குச் சுமார் 280 மி.மீ. மழை பெறுகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் இது 28,000 லிட்டர். கூரை நீரும் சாலை நீரும் வழக்கமாக வடிகாலில் ஓடி மறைபவை. அந்நகரில் பிராட் லங்காஸ்டர் என்ற எழுத்தாளரும் அவருடைய அக்கம்பக்கத்தாரும் சாலையோர விளிம்புக் கல்லை அறுத்து, தெரு வெள்ளத்தை மரங்கள் நட்ட குழிப் பாத்திகளுக்குள் திருப்பினார்கள். பின்னர் நகர நிர்வாகமே அதை ஏற்று முறைப்படுத்தியது. 2008-இல் டூசான் இயற்றிய விதி, புதிய வணிகக் கட்டடங்கள் தம் தோட்ட நீரில் பாதியை மழைநீரிலிருந்தே பெற வேண்டும் என்றது.

இதில் வடிவமைப்புப் பாடம் எளிது: செடி நிற்கும் இடம் நடைபாதையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மேடாக்கிய பாத்தி மழையை வெளியே தள்ளும். தாழ்ந்த பாத்தி உள்ளே வாங்கும். நீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி அமைத்தால் கொசுத் தொல்லையும் இராது.

மண்ணின் மரங்கள்

டூசானையும் ஃபீனிக்ஸையும் சூழ்ந்திருக்கும் சொனோரன் பாலைவனம், வறட்சியை எதிர்கொள்ளும் உத்திகளின் களஞ்சியம். பாலோ வெர்டே மரம் வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையாலேயே உணவு தயாரிக்கிறது. ஒக்கோட்டியோ மழை பெய்த சில நாட்களில் தளிர்த்து, மண் காய்ந்ததும் இலை உதிர்த்து, அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்க்கும். சகுவாரோ கள்ளியின் மடிப்பு மடிப்பான தண்டு நீரைக் குடித்து விரியும். இலைத்துளை போன்ற தன் நுண்துளைகளை அது இரவில் மட்டுமே திறக்கும். அந்தக் கள்ளியின் இளங்கன்று பெரும்பாலும் ஒரு பாலோ வெர்டேயின் நிழலில்தான் வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்பி வளர்கிறது. தோட்டக்காரர் கற்க வேண்டியது இந்தச் சேர்க்கையை. தனித்தனிச் செடியாக வாங்கி நடுவதைவிட, மரமும் அதன் நிழலில் புதரும் பூண்டும் கூட்டாக நட்டால் ஓசனிச்சிட்டும் தேனீயும் வௌவாலும் தாமே வந்து சேரும்.

வறட்சி தாங்கும் செடியானாலும் நட்ட நாள் முதல் தாங்காது. வேர் பிடிக்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீர் விட்டே ஆக வேண்டும். இதை மறந்ததால் பட்டுப்போன தோட்டங்கள் பல.

வறட்சி தாங்குவதும் மண்ணுக்குரியதும்

வறட்சியைத் தாங்கும் எல்லாச் செடியும் எல்லா வறண்ட நிலத்துக்கும் உரியதன்று. இதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த இரு சான்றுகள் உள்ளன. கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளின் ஆதாரம் கொழுக்கட்டைப்புல். வெள்வேல் மரத்தோடும் கிளுவை வேலியோடும் சேர்ந்து, மழைமறைவு நிலத்தில் மேய்ச்சலைக் காத்துவரும் நல்ல புல் அது. அதே இனம் ‘பஃபல் புல்’ என்ற பெயரில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அரிசோனாவில் விதைக்கப்பட்டது. அது இன்று சொனோரன் பாலைவனத்தின் பெரும் பகை. கள்ளிகளுக்கு இடையே அடர்ந்து, காய்ந்து, தீயைப் பரப்புகிறது. தீயோடு வாழப் பழகாத சகுவாரோ அதில் கருகி மடிகிறது. தன்னார்வலர்கள் மலைச்சரிவுகளில் ஏறி அதை வேரோடு பிடுங்கிவருகிறார்கள்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். டூசானின் இயல்மரங்களில் ஒன்று வெல்வெட் மெஸ்கீட். நிழல் தருவதுடன், அதன் நெற்றை மாவாக்கி அங்குள்ள மக்கள் உண்கிறார்கள். அதன் நெருங்கிய உறவான, மெக்சிகோ, கரீபியன் பகுதிகளுக்கு உரிய சீமைக்கருவேல் தமிழ்நாட்டுக்கு வந்து, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களில் கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிவிட்டது. அந்தப் புல்லிலும் இந்த மரத்திலும் குற்றமில்லை. ஒரு செடியை அதன் மழையோடும் தீயோடும் மேயும் விலங்கோடும் சேர்த்துப் பார்க்காமல், வறட்சி தாங்கும் என்ற ஒரே தகுதிக்காக இடம் மாற்றியதன் விளைவு இது. ஆகவே செடிப் பட்டியலை வேறொரு நாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் தோட்டம், எவ்வளவு நீர் மிச்சம் செய்தாலும், இம்முறையின் நோக்கத்தை நிறைவேற்றாது.

சட்டங்களும் ஊக்கத்தொகையும்

அரிசோனா 1980-இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் இயற்றியது; அதன் கீழ் வந்த பகுதிகளுக்குக் குறைந்த நீர் கேட்கும் செடிகளின் பட்டியல் வெளியிடப்படுகிறது. கலிஃபோர்னியாவின் மாதிரி விதி, 2015 திருத்தத்துக்குப் பின், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய தோட்டங்களுக்கு நீர் உச்சவரம்பைக் கணக்கிட்டுத் தருகிறது. புல்வெளியை அகற்றுவோருக்கு லாஸ் வேகாஸ் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறது. மாற்றிய பரப்பில் பாதியையாவது வளர்ந்த செடிகளின் விதானம் மூட வேண்டும் என்பது நிபந்தனை. நெவாடா 2021-இல் இன்னும் முன்னே சென்றது: 2026-ஆம் ஆண்டு முடிந்த பின், அலுவலக வளாகம், சாலை நடுத்திட்டு போன்ற இடங்களில் எவரும் கால்வைக்காத அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. குடியிருப்புச் சங்கங்கள் புல்வெளியைக் கட்டாயமாக்கி, நீர்ச் சிக்கனத் தோட்டங்களைத் தடுப்பதை டெக்சஸ் 2013-இல் விலக்கியது.

விவாதங்கள்

இம்முறை மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, புல்லைப் பெயர்த்துவிட்டுச் சரளைக்கல்லைக் கொட்டி ஓரிரு கள்ளிகளை நடுவதில். அத்தகைய முற்றம் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் வெளியிடும்; அதில் பறவைக்கும் பூச்சிக்கும் இடமில்லை. வெப்பத்தால் உயிரிழப்புகள் நேரும் ஃபீனிக்ஸ் போன்ற நகரில் நிழல் என்பது ஆடம்பரமன்று. புல்லின் பாசனத்தை நம்பி வளர்ந்த பழைய மரங்களுக்குத் தனிப் பாசனம் தராமல் புல்லை அகற்றினால் அவையும் சாகும். ஆகவே நீர் ஒதுக்கீட்டில் மரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்பது இன்று வலுப்பெற்றுவரும் கருத்து.

செயற்கைப் புல் நீர் கேட்காது. ஆனால் வெயிலில் கொதிக்கும், மண்ணை மூடி உயிரற்றதாக்கும். கொலராடோ மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் இதைக் கணக்கில் கொண்டது. வணிக, பொது வளாகங்களில் 2026 முதல் அலங்காரப் புல்லை மட்டுமன்றி, செயற்கைப் புல்லையும் ஆக்கிரமிப்புத் தாவரங்களையும் புதிதாக அமைப்பதை அது தடை செய்கிறது. நீர்ச் செலவைக் குறைக்கும் வழியாகத் தொடங்கிய ஒரு முறை, நிழலையும் மண்ணின் உயிரையும் சேர்த்துக் காக்க வேண்டிய பொறுப்பாக வளர்ந்திருப்பதை இந்தச் சட்டம் காட்டுகிறது.