ஓநாய் திரும்பிய காடு

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்தப் பழமொழியைக் கேட்டுச் சிரிக்காதவர் நம் நாட்டில் யார்? உலகத்திலுள்ள பல மொழிகளும் ஓநாய்க்கு ஏறத்தாழ ஒரே வேஷத்தைத்தான் கொடுத்திருக்கின்றன. வஞ்சகம், பேராசை, தந்திரம் இவற்றுக்கெல்லாம் ஓர் உருவம் வேண்டுமென்றால் கதை சொல்லுகிறவர்கள் ஓநாயைத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் மறுபேச்சுப் பேசாமல் வந்து நிற்கும்; ஏனென்றால் கதை எழுதுவது மனிதன்.

ஆனால், ஒரு பெரிய தேசத்தின் சர்க்கார் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஓநாயைக் கடைசிக் குட்டி வரையில் கொன்று தீர்த்துவிட்டு, எழுபது வருஷத்துக்குள் மறுபடியும் பணம் செலவழித்து, அண்டை நாட்டிலிருந்து ஓநாய்களைக் கூண்டில் ஏற்றி அழைத்துவந்த கதை ஒன்று உண்டு. அது கட்டுக்கதையல்ல, சரித்திரம். அமெரிக்காவிலுள்ள எல்லோஸ்டோன் என்னும் தேசியப் பூங்காவில் நடந்தது.

1872-ஆம் வருஷம் எல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா என்று சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். வெந்நீர் ஊற்றுகளும் அருவிகளும் மலைகளும் நிறைந்த அழகான பிரதேசம். அங்கே வாழ்ந்த மிருகங்களை அந்தக் காலத்து அதிகாரிகள் இரண்டு ஜாதியாகப் பிரித்திருந்தார்கள். புல் தின்னும் மான் வகைகள் நல்ல பிராணிகள்; அவற்றைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் கெட்ட பிராணிகள். ஓநாய் கெட்டதானதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுற்றுப்புறச் சமவெளிகளில் மந்தை மந்தையாகத் திரிந்த காட்டெருமைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மனிதர்கள் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். எல்லோஸ்டோனுக்குள்ளேயே ஏறத்தாழ இரண்டு டஜன் எருமைகள்தாம் மிஞ்சின. இரை போன பிறகு ஓநாய் என்ன செய்யும்? காட்டெருமை மேய்ந்த இடத்தில் வந்து நின்ற மாட்டையும் ஆட்டையும் பிடித்தது. உடனே அது திருடன் என்று பெயர் வாங்கிற்று.

செத்த மிருகத்தின் உடலில் விஷம் வைத்து ஓநாய்களைக் கொன்றார்கள். அந்த விஷத்துக்கு ஸ்டிரிக்னைன் என்று பெயர். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே நஞ்சுதான். பிறகு பொறி வைத்தார்கள், துப்பாக்கி தூக்கினார்கள், குகைக்குள் புகுந்து குட்டிகளை வாரிக்கொண்டு வந்தார்கள். 1914-க்கும் 1926-க்கும் இடையில் பூங்காவுக்குள் மட்டும் 136 ஓநாய்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. கொன்றவர்களில் பலர் அந்தக் காட்டைக் காப்பதற்காகவே நியமிக்கப்பட்ட காவலர்கள். 1926-ல் சோடா பட் என்னும் ஓடைக்கருகில் இரண்டு குட்டிகள் அகப்பட்டன. அவற்றோடு கணக்கு முடிந்தது. அந்த அதிகாரிகளைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு தோட்டக்காரன் களை பிடுங்குவதுபோல, நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவோடுதான் செய்தார்கள். சரித்திரத்தில் பெரிய சேதங்கள் பலவும் இந்த நிறைவோடுதான் நடந்திருக்கின்றன.

பிறகு என்ன ஆயிற்று? எல்க் என்று அங்கே ஒரு மான் உண்டு. நம் கடமானைவிடவும் பெரிய மிருகம். ஓநாய் இல்லாத காட்டில் அது பெருகிற்று. பனிக்காலத்தில் பள்ளத்தாக்குகளில் இறங்கி, ஓடைக்கரை வில்லோ மரக்கன்றுகளையும் ஆஸ்பென் கன்றுகளையும் தலைதூக்கவிடாமல் கடித்தது. வயதான மரங்கள் நின்றன, இளமரங்கள் வரவில்லை. பீவர் என்னும் பிராணி வில்லோ குச்சிகளை வெட்டி ஓடையில் அணை கட்டி வாழ்வது. குச்சி இல்லாமற் போகவே பீவரும் அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து அநேகமாக மறைந்தது.

எல்க் அதிகமாகிவிட்டது என்று கண்ட அதிகாரிகள் இப்போது எல்க்கைச் சுட ஆரம்பித்தார்கள்! 1961-62 பனிக்காலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட எல்க்குகளைக் காவலர்கள் கொன்றார்கள். ஓநாயைக் கொன்றவர்கள் ஓநாயின் உத்தியோகத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும்படி ஆயிற்று. பத்திரிகைகளில் படம் வந்தது, ஜனங்கள் கொதித்தார்கள், செனட் சபை விசாரித்தது. அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் வேட்டு நின்றது. வேட்டு நின்றதும் எல்க் மறுபடியும் பெருகிற்று. 1994 வாக்கில் பூங்காவின் வடபகுதி மந்தை மட்டும் ஏறத்தாழ 19,000.

ஓநாயைத் திருப்பி அழைத்தால் என்ன என்ற யோசனை அதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருந்தது. அவர் ஆல்டோ லியோபோல்ட். 1909 வாக்கில் இளம் வன அதிகாரியாக இருந்தபோது தாமே ஒரு தாய் ஓநாயைச் சுட்டு, அதன் கண்ணில் உயிர் அணைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று அப்போது நினைத்தார். பிற்பாடு, மான் தின்று மொட்டையாக்கிய மலைகளைக் கண்டு மனம் மாறினார். எல்லோஸ்டோனுக்கு ஓநாயைக் கொண்டுவரலாமே என்று 1944-ல் எழுதினார். 1948-ல் பக்கத்து நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்துபோனார். ஓநாயைச் சுட்ட அனுபவத்தைச் சொல்லும் அவருடைய புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது.

யோசனை காரியமாவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அருகிவரும் உயிர்களைக் காக்கும் சட்டம் 1973-ல் பிறந்தது. அதன் பிறகும் இருபது வருஷம் வாதம். பொதுஜன அபிப்பிராயம் கேட்டபோது ஒரு லட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேல் கருத்துக்கள் வந்து குவிந்தன. நகரவாசிகளில் அநேகர், வரட்டும் என்றார்கள். பண்ணைக்காரர்களில் அநேகர், வேண்டாம் என்றார்கள். பண்ணைக்காரர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பாருங்கள்: ஓநாயின் அழகை ரசிப்பவன் நானூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான், விடியற்காலையில் கிழிபட்டுக் கிடக்கும் கன்றைப் பார்ப்பவன் அங்கேயே இருக்கிறான். தர்மம் ஊரார் செலவில் நடந்தால் எல்லோரும் தர்மவான்கள்தாம். இதை உணர்ந்து, வன உயிர்களுக்காகப் பரிந்து பேசும் ஒரு சங்கம், டிஃபென்டர்ஸ் ஆஃப் ஒயில்ட்லைஃப் என்பது, 1987 முதல் தன் கையிலிருந்து நஷ்டஈடு கொடுத்து வந்தது. கன்றைக் கடிக்கும்போது கையும் மெய்யுமாகப் பிடிபட்ட ஓநாயைப் பண்ணைக்காரன் சுடலாம் என்று சர்க்காரும் விதியைத் தளர்த்தியது.

1995 ஜனவரி 12-ஆம் தேதி, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிடித்த ஓநாய்களின் முதல் வண்டி பூங்காவின் கல் வளைவுக்குள் நுழைந்தது. அதே சமயத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டார்கள். வந்த விருந்தாளிகள் உலோகப் பெட்டிக்குள் முடங்கியே கிடந்தன. தடை நீங்கின பிறகுதான் பெட்டிக் கதவு திறந்தது. அதன் பின்னும் வேலியடைத்த கொட்டாரத்தில் பத்து வாரம் வைத்திருந்து, மார்ச்சு மாதம் வெளியே விட்டார்கள். அந்த வருஷம் பதினான்கு, மறு வருஷம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பதினேழு, ஆக முப்பத்தொன்று.

அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பத்தாம் எண் ஆண் ஓநாயும் ஒன்பதாம் எண் பெண் ஓநாயும் பூங்காவைத் தாண்டி ரெட் லாட்ஜ் என்ற ஊர்ப்பக்கம் போயின. ஏப்ரல் மாதத்தில் ஆணை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதே சமயத்தில் பெண், ஒரு மரத்தடியில் எட்டுக் குட்டிகளை ஈன்றிருந்தது. இரை கொண்டுவர யாரும் இல்லை. அதிகாரிகள் தாயையும் எட்டுக் குட்டிகளையும் தேடிப் பிடித்துத் திரும்பக் கொட்டாரத்தில் சேர்த்தார்கள். எழுபது வருஷத்துக்கு முன் அந்த உத்தியோகத்திலிருந்தவர்கள் குட்டிகளை எதற்காகத் தேடினார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், காலம் எவ்வளவு தூரம் திரும்பிவிட்டது என்பது விளங்கும். பின்னால் வந்த பல கூட்டங்களுக்கு அந்தத் தாய்தான் மூதாட்டி. 1997-ல் ஒரு நீதிபதி, கொண்டுவந்ததே சட்டவிரோதம், அப்புறப்படுத்துங்கள் என்று தீர்ப்பளித்தார். 2000-ல் மேல் நீதிமன்றம் அதை மாற்றிற்று. ஓநாய்கள் நிலைத்துவிட்டன.

இனி, மற்ற மிருகங்களின் கதி. வடபகுதி எல்க் மந்தை 2013-ல் நாலாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. கயோட்டி என்னும் சின்ன ஓநாய் ஜாதி, அண்ணன் வந்ததும் லாமார் பள்ளத்தாக்கில் பாதியாகக் குறைந்தது. கயோட்டி குறைந்த இடங்களில் பிராங்ஹார்ன் என்னும் மானின் குட்டிகள் அதிகமாகப் பிழைத்தன. ஓநாய் விட்ட மிச்சத்தில் அண்டங்காக்கையும் கழுகும் கரடியும் வண்டும் பங்கு பெற்றன. வில்லோவும் ஆஸ்பெனும் சில இடங்களில் ஆள் உயரம் தாண்டி வளர்ந்தன. வடபகுதியில் ஒரே ஒரு பீவர் குடியிருப்பு இருந்தது போய், பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் ஒன்பது ஆயிற்று.

உடனே கதை பிறந்தது. ஓநாய் மானைத் துரத்திற்று. மான் மரத்தை விட்டது. மரம் கரையைப் பிடித்தது. கரை நதியைத் திருத்திற்று. ஆகவே ஓநாய் நதியின் போக்கையே மாற்றிவிட்டது! 2014-ல் இந்தக் கதையைச் சொல்லும் சிறு படம் ஒன்று உலகமெங்கும் ஓடிற்று. பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள்.

எழுதுகிற தொழிலில் இருப்பவனுக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் வரவேண்டும். இவ்வளவு அழகாகக் கட்டுக் குலையாமல் அமைந்த கதையை வாழ்க்கை எழுதுவது அபூர்வம். ஓநாய் ஆராய்ச்சியிலேயே ஆயுளைக் கழித்த டேவிட் மெக், ஓநாயைப் புனிதப் பிராணியாக்கிவிடாதீர்கள் என்று 2012-லேயே சக விஞ்ஞானிகளை எச்சரித்தார். எல்க் குறைந்ததற்கு ஓநாய் ஒரு காரணம். பூங்காவுக்கு வெளியே துப்பாக்கி ஒரு காரணம். வறட்சியும் கடும்பனியும் காரணம். கரடியும் மலைச்சிங்கமும் பெருகியதும் காரணம். கரடியின் கதையையே பாருங்கள். எல்லோஸ்டோன் ஏரியில் யாரோ அந்நிய டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தது 1994-ல் தெரியவந்தது. அது உள்ளூர் டிரவுட்டைத் தின்று ஒழித்தது. ஓடையேறி வரும் மீனைத் தின்றுவந்த கரடிகள் எல்க் கன்றுகளின் பக்கம் திரும்பின. பீவரின் கதையும் அப்படியே: பூங்காவுக்கு வடக்கே வன இலாகாவினர் 1986 முதலே பீவர்களைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்க் குறைந்த இடத்தில் காட்டெருமை பெருகி, அதே வில்லோவைக் கடிக்கவும் தொடங்கிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓடையின் சமாசாரம். கொலராடோ ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இருபது வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். சில இடங்களில் மான் நுழையாமல் வேலி போட்டார்கள். சில இடங்களில் பீவரைப்போலத் தாங்களே அணை கட்டினார்கள். வேலி மட்டும் போட்ட இடத்தில் வில்லோ எதிர்பார்த்தபடி வளரவில்லை. வேலியும் அணையும் சேர்ந்த இடத்தில்தான் நெடிது வளர்ந்தது. காரணம் என்ன? பீவர் இல்லாத எழுபது வருஷத்தில் அணைகள் சிதைந்து, நீர் வேகமாக ஓடித் தரையை அறுத்து, ஓடை கீழே இறங்கிவிட்டது. ஓடையோடு ஊற்றுநீரும் இறங்கிவிட்டது. வேருக்கு எட்டாத தண்ணீரை ஓநாய் எப்படிக் கொண்டுவரும்? வில்லோ உயர்ந்தால்தான் பீவர் வரும். பீவர் வந்தால்தான் நீர் உயரும். நீர் உயர்ந்தால்தான் வில்லோ வளரும். இந்தச் சக்கரத்தை நிறுத்துவது எளிது. மறுபடி சுழற்றுவதுதான் கஷ்டம். ஓநாயின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதம் பண்டிதர்களுக்குள் நடக்கும் சில்லறைச் சண்டையல்ல. ஓநாயைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவன், எதையும் அழிக்கலாம், பிறகு வேண்டுமானால் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்றும் நம்பத் தலைப்படுவான். அது ஆபத்தான நம்பிக்கை. அன்றியும், நதியை மாற்றியதால்தான் ஓநாய்க்கு வாழ உரிமை உண்டு என்று வைத்தால், மாற்றவில்லை என்று நிரூபணமாகும் நாளில் அந்த உரிமை என்ன ஆவது? மொன்டானாவிலும் ஐடஹோவிலும் 2011-ல் சட்டப் பாதுகாப்பு நீங்கி வேட்டை வந்தது. 2021-22 பனிக்காலத்தில் எல்லையைத் தாண்டிய எல்லோஸ்டோன் ஓநாய்கள் சுமார் இருபத்தைந்து உயிரிழந்தன. கொலராடோவிலோ 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி, மயிரிழையில் ஜயித்து, 2023 டிசம்பரில் பத்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேயும் அதே பண்ணைக்காரன், அதே நகரவாசி, அதே வாதம்.

திருடன் என்று ஒரு தலைமுறை சொல்லிற்று. ரட்சகன் என்று இன்னொரு தலைமுறை சொல்லிற்று. ஓநாய்க்கு இரண்டும் தெரியாது. பசித்தபோது மானைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான். அதைக் கொல்ல ஒரு துப்பாக்கி போதுமாயிருந்தது. கொண்டுவர விமானமும் வண்டியும் சட்டமும் நீதிமன்றமும் வேண்டியிருந்தன. இறங்கிப்போன ஓடையை மேலே ஏற்ற என்ன வேண்டும் என்று கேட்டால், குச்சியைக் கடித்து மண்ணைப் பூசி அணை கட்டும் பீவரும், பல தலைமுறைக் காலமும் வேண்டும். அது வரையில், மனிதர் ஒதுங்கி நின்று காத்திருக்கவும் வேண்டும்.