17 நாளில் போட்ட தண்டவாளம்

சென்ற வாரம் லடோகா ஏரியின் உறைபனி மேல் லெனின்கிராடுக்கு மாவு மூட்டை ஏற்றிச் சென்ற லாரிகளைப் பார்த்தோம். அந்தப் பாதை நகரத்தின் உயிரைப் பிடித்து வைத்தது, உண்மை. ஆனால் ஒரு பெருநகரமும் அதைக் காத்து நின்ற படையும் லாரிகளை மட்டும் நம்பி மீண்டு எழ முடியாது. ரயில் வந்தாக வேண்டும்.

1943 ஜனவரி 18. சோவியத் படைகள் லெனின்கிராடைச் சுற்றியிருந்த ஜெர்மன் முற்றுகையை உடைத்து, ஏரிக்கரையை ஒட்டிச் சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நிலத்துண்டை மீட்டன. அன்றைக்கே உத்தரவு பிறந்தது: அந்தத் துண்டு நிலத்தின் வழியே ஷ்லிசெல்பர்க்கிலிருந்து பொல்யானி வரை 33 கிலோமீட்டர் ரயில் பாதை. உறைந்த ஏரியின் மேலேயே மரத்தூண் ஊன்றித் தண்டவாளம் போடும் முயற்சி ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு எல்லோரும் இங்கே வந்தார்கள். வேலைக்குத் தலைவர் இவான் ஸுப்கோவ், லெனின்கிராடு மெட்ரோ கட்டுமானத்தை நடத்தியவர்.

இந்த வேலையில் இறங்கிய ரஷ்ய ரயில்வே படை பழையது. பீட்டர்ஸ்பர்க் - மாஸ்கோ பாதையைக் கவனித்துக்கொள்ள 1851-ல் அமைத்த ராணுவக் கம்பெனிகள்தான் அதன் தொடக்கம். பாலம் கட்டுவதும், குண்டு விழுந்து பிய்ந்த பாதையை உடனே இணைப்பதும் அவர்கள் தொழில். அவர்களோடு லெனின்கிராடு பெண்களும் கடப்பாரை பிடித்தார்கள். முந்தைய குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டியில் உயிர் பிழைத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

போட்ட இடம் கரிச்சதுப்பு நிலம். முதலில் கண்ணிவெடிகளை எடுத்தார்கள். மண்ணைக் கொட்டி மேடு கட்டவோ ஜல்லி பரப்பவோ நேரம் ஏது? பல இடங்களில் உறைந்த தரையிலும் பனியிலும் நேராகவே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கித் தண்டவாளத்தை அறைந்தார்கள். நேவா ஆற்றில் பனிப்பாளத்தைத் துளைத்து மரத்தூண்களை இறக்கி, சுமார் 1,300 மீட்டருக்குத் தாழ்வான பாலம் ஒன்றை எழுப்பினார்கள். 17 நாளில் வேலை முடிந்தது. பிப்ரவரி 7 காலையில் முதல் ரயில் லெனின்கிராடின் பின்லாந்து ஸ்டேஷனுக்குள் நுழைந்தது.

என்னைக் கேட்டால், போட்டதைவிட ஓட்டியதுதான் பெரிய வீரம். ஸின்யாவினோ மேட்டில் ஜெர்மன் பீரங்கிகள். சில இடங்களில் பாதைக்கும் அவற்றுக்கும் 4, 5 கிலோமீட்டர்தான் தூரம். அதனால் இரவில், விளக்கில்லாமல் ஓட்டினார்கள். கரி போட இன்ஜின் அடுப்பைத் திறந்தால் அந்த வெளிச்சமே எதிரிக்குக் குறி. அடுப்பில் கரி தள்ளியவர்களில் அவசரப் பயிற்சி பெற்ற இளம்பெண்களும் இருந்தார்கள். ரயில்வேக்காரர்கள் இந்தப் பாதைக்கு வைத்த பெயர் ‘மரணத் தாழ்வாரம்’.

ஒற்றைப் பாதை. தொடக்கத்தில் ஓர் இரவு நகரத்துக்குப் போகும் ரயில்கள் மட்டும், மறு இரவு திரும்பும் ரயில்கள் மட்டும். அது போதவில்லை. எனவே பாதையோரத்தில் இடைவெளி விட்டு மனிதர்களையே கைவிளக்கோடு நிறுத்தினார்கள். முன்னே போன ரயில் விலகிவிட்டதா என்று பார்த்து, பின்னால் வருவதற்கு அவர்கள் வழி சொன்னார்கள். ‘உயிருள்ள சிக்னல்’ என்று அதற்குப் பெயர். கடுங்குளிரிலும் குண்டு விழும்போதும் அந்த ஆள் இடத்தை விட்டு நகர முடியாது. பகலில் எதிரி உடைத்த தண்டவாளத்தை இரவுக்குள் மாற்றியாக வேண்டும்; ஓட்டத்துக்கு நடுவே உடைந்தால் அப்போதே. பனி உருகியபோது சதுப்பு நீர் பாதைமேல் ஏறியது. தண்ணீருக்குள் மறைந்த தண்டவாளத்தில் டிரைவர்கள் வண்டியை ஊரவிட்டுக் கொண்டுபோனார்கள். மார்ச்சில் நேவாவின் மேல் இன்னும் உயரமான இரண்டாவது பாலம் தயாரானது.

முதல் ரயில் வந்த அதே மாதம் 22-ம் தேதி, தொழிலாளர்களின் ரொட்டி அளவு 600 கிராம் ஆனது. உணவும் கரியும் பீரங்கிக் குண்டும் உள்ளே வந்தன. நகரத்து ஆலைகள் செய்த பொருள்கள் வெளியே போயின. இப்படி ஓராண்டு சேர்த்த பலத்தோடுதான் 1944 ஜனவரியில் லெனின்கிராடு படைகள் தாக்குதலுக்குக் கிளம்பின. 27-ம் தேதி முற்றுகை முழுமையாக நீங்கியது.

(தொடரும்)