அறிக்கையிடப்படாத குற்றம்

இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்துச் சிதறியது. அது கக்கிய தூசும் கந்தகப் புகையும் வான்வெளியில் பரவிக் கதிரவனின் ஒளியை மங்கச் செய்தன. மறு ஆண்டு ஐரோப்பாவிற்குக் கோடையே இல்லாமற்போயிற்று. அந்த 1816ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த தியோதாத்தி மாளிகையில், மழையால் முடங்கிய நண்பர் சிலர் பேய்க்கதைகள் படித்துப் பொழுது போக்கினர். ஆளுக்கொரு கதை எழுதலாமே என்றார் பைரன். அந்த விளையாட்டிலிருந்து பிறந்ததே 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினம். எழுதியவர், பின்னர் கவிஞர் ஷெல்லியை மணந்த மேரி. அப்போது அவருக்கு வயது 18.

வயதுக்கு மீறிய துயரம் அவரிடம் இருந்தது. 1797இல் அவர் பிறந்த பதினொன்றாம் நாள் தாயை இழந்தார். 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்த அவருடைய முதல் குழந்தை சில நாள்களிலேயே மாண்டது. அக்குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்க்க, அது உயிர்பெற்றதாகக் கனவு கண்டதை அவரே நாட்குறிப்பில் பதிந்துள்ளார். உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் ஆசை அக்கால அறிவியலிலும் இருந்தது. 1803இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் சடலத்தில் இத்தாலிய அறிஞர் அல்தீனி மின்சாரம் பாய்ச்சியபோது, அதன் தாடை துடித்தது. ஒரு கண் திறந்தது. இவையெல்லாம் அந்தக் கதைக்கு விளைநிலமாயின.

நூல் 1818 ஜனவரி முதல் நாள் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. 500 படிகளே அச்சாயின. இன்று ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் பலரும் அந்தக் கோர உருவத்தின் பெயர் என்றே கருதுகின்றனர். உண்மையில் அது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. 1823இல் இக்கதை இலண்டனில் நாடகமானபோது, அப்பாத்திரத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கோடு அச்சிடப்பட்டது. தன் பிள்ளைக்குப் பெயர்கூட வைக்காத தந்தையின் கதை இது.

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவா நகரத்தவன். இங்கல்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவன். ஏறத்தாழ ஈராண்டுகள் உழைத்து, நவம்பர் மாதத்து இரவொன்றில் ஓர் உடலுக்கு உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அஞ்சி ஓடுகிறான். படுக்கையருகே வந்து அது கை நீட்டுகிறது, மீண்டும் ஓடுகிறான். மறுநாள் அது அறையில் இல்லை என்று கண்டு மகிழ்ந்து கைதட்டுகிறான். அவனது முதற்குற்றம் எது? உயிரைப் படைத்த துணிவு என்பர் சிலர். எனக்கு அந்தக் கைதட்டலே குற்றமாகப் படுகிறது. தொடக்கநூலில் ஆதாமும் ஏவாளும் கட்டளையை மீறிய பின்னும், இறைவன் அவர்களைத் தேடி வருகிறார். அவர்களுக்கு ஆடை செய்து உடுத்துகிறார். விக்டரோ, குற்றமேதும் செய்யாத நிலையிலேயே தன் படைப்பைக் கைவிடுகிறான்.

கைவிடப்பட்டவன் ஒளிந்திருந்து மொழி கற்கிறான், நூல்கள் படிக்கிறான், அன்பை நாடிச் சென்ற இடமெல்லாம் விரட்டப்படுகிறான். கடைசியில் விக்டரின் சிறு தம்பி வில்லியத்தைக் கொன்று, அக்குழந்தையின் கழுத்திலிருந்த படத்தை, அவ்வீட்டில் வளர்ந்த ஜஸ்டின் என்ற பெண்ணின் ஆடையில் வைத்துவிடுகிறான். பழி அவள்மேல் விழுகிறது.

ஜஸ்டின் கத்தோலிக்கப் பெண். இந்தக் கட்டம் நம்மவர் ஊன்றிப் படிக்கவேண்டியது. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று செய்தி வருகிறது. சிறையில் அவளே உண்மையைச் சொல்கிறாள்: ஒப்புக்கொள்ளாவிடில் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவாய் என்று குரு அச்சுறுத்தியதால், செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லிவிட்டாளாம். ஆசிரியை அந்தக் குருவைக் கடுமையாகவே தீட்டியுள்ளார். அது நமக்கு நெருடலாக இருக்கலாம். ஆனால் அச்சுறுத்திப் பெறும் வாக்குமூலம் ஒருபோதும் பாவசங்கீர்த்தனம் ஆகாது என்பதை நாமும் அறிவோம்.

அதே சிறைக்கூடத்தின் மூலையில் விக்டர் நிற்கிறான். உண்மையான கொலைகாரன் யார் என்று அவனுக்கு ஐயமே இல்லை. தன்னைக் குற்றவாளி என்று அவன் நம்பவில்லைதானே என்று ஜஸ்டின் கேட்கிறாள். அவனால் பதில் கூற இயலவில்லை. உடன் வந்த எலிசபெத்தே அவனுக்காக விடை கூறுகிறாள். மறுநாள் ஜஸ்டின் தூக்கிலிடப்படுகிறாள். குற்றமற்றவள் பொய்யாய் அறிக்கையிட்டு இறந்தாள். அறிக்கையிட வேண்டியவன் வாய்திறக்காமல் வீடு திரும்பினான். சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்பது அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

அதன்பின் அவன் வருந்தவில்லையா? அல்லும் பகலும் வருந்துகிறான். இவர்களைக் கொன்றவன் நானே என்று தந்தையிடம் புலம்புகிறான். எவ்வாறு என்று மட்டும் சொல்வதில்லை. நோயின் பிதற்றல் என்று தந்தை எண்ணிக்கொள்கிறார். நண்பனும் மனைவியும் கொலையுண்டு, தந்தையும் துயரால் மாண்ட பிறகே நீதிபதியிடம் முழுக் கதையையும் சொல்கிறான். அதுவும் பழிவாங்கத் துணை வேண்டியே. வடதுருவப் பனிக்கடலில் சாகும் தறுவாயில் தன் நடத்தையை ஆராய்ந்து, பழிக்கத்தக்கது எதுவுமில்லை என்று முடிவு கட்டுகிறான்.

குற்ற உணர்வு வேறு, மனமாற்றம் வேறு. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று மூன்றையும் சேர்த்தே திருச்சபை நமக்குக் கற்பித்துள்ளது. விக்டரிடம் முதலாவது ஓயாமல் பெருகியது. மற்ற இரண்டும் இல்லாததால், அது அவனைத் தூய்மைப்படுத்தாமல் எரித்தது. இதனால் அவனுடைய படைப்பு குற்றமற்றவன் ஆகிவிடவில்லை. குழந்தையைக் கொன்ற கையும், பேதைப்பெண்மேல் பழிசுமத்திய சூதும் அவனுடையவையே. ஆயினும் இறுதியில் விக்டரின் சடலத்தருகே நின்று அழுது, தன் கொலைகளைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்பவன் அவன்தான்.

1831இல் மேரி இந்நூலைத் திருத்தி வெளியிட்டார். அதற்குள் மேலும் இரு குழந்தைகளையும் கணவரையும் இழந்திருந்தார். திருத்திய பதிப்பில் விதியின் கை ஓங்கியிருப்பதை ஆய்வாளர் சுட்டுவர். அத்தனை இழப்புக்குப் பின் ஒருவர் விதியைப் பேசுவது இயல்பே. ஆனால் 1818இன் விக்டருக்கு அந்தச் சாக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஓடாமல் நின்றிருக்கலாம், நீட்டிய கையைப் பற்றியிருக்கலாம், சிறையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

நாம் எவரும் சடலத்திற்கு உயிரூட்டப் போவதில்லை. ஆனால் பிள்ளைகளைப் பெறுகிறோம், சொற்களைப் பரப்புகிறோம், நிறுவனங்களைத் தொடங்குகிறோம். அவை நாம் விரும்பியவாறு அமையாதபோது, நாம் செய்ததற்கு வேறொருவர் தண்டனை பெறும் வேளையும் வரக்கூடும். அப்போது நாம் அந்த மூலையில் நின்றுகொண்டிருக்கிறோமா என்பதே இன்றிரவின் ஆன்ம சோதனைக்கு உரிய கேள்வி.