பாராமகாலுக்கு வந்த சித்திரக்காரர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், குருபரப்பள்ளி என்ற ஊரில், ஒரு மாலை இரண்டு மணி நேரம் அகப்பட்டுக்கொண்டேன். நான் ஏறி வந்த பஸ்ஸுக்கு உடம்பு சரியில்லை. மாற்று வண்டி வருகிற வரையில் டீக்கடைப் பெஞ்சுதான் கதி. எதிரே லாரிகளும், தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் வண்டிகளும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல வேளையாகக் கைப்பையில் தாமஸ் டேனியலின் சித்திரத் தொகுப்பு ஒன்று இருந்தது.

தாமஸ் டேனியல் 1749-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் சத்திரம் நடத்தியவர். பிள்ளை முதலில் தொழில் கற்றதோ கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசுகிறவரிடம். நம்முடைய லாரிகளின் பின்பலகையில் தாமரையும் மயிலும் தீட்டுகிறார்களே, அவர்களும் அவரும் ஒரே குலம் என்று சொல்லிவிடலாம்! ஊரில் பிழைப்பு சரிப்படாமல், 1785-ல் சகோதரரின் மகன் வில்லியத்தை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். வில்லியத்துக்கு அப்போது 15, 16 வயது.

கல்கத்தாவிலும் வடநாட்டிலும் சுற்றி வரைந்த பிறகு, தங்கள் படங்களைக் குலுக்குச் சீட்டில் விற்றுப் பணம் சேர்த்துக்கொண்டு, இருவரும் 1792-ல் சென்னைக்கு வந்தார்கள். அந்த மார்ச் மாதத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஆகி, திப்பு சுல்தான் கையிலிருந்த பாராமகால் கும்பெனியாருக்குப் போயிருந்தது. கிருஷ்ணகிரிச் சீமைக்கு அந்நாளில் வழங்கிய பெயர் பாராமகால். ஏப்ரலில் சித்திரக்காரர்கள் இந்தப் பக்கம் புறப்பட்டுவிட்டார்கள். கத்திரி வெயிலில் இங்கே வர எத்தனை ஆசை இருந்திருக்க வேண்டும்!

சண்டையின் புழுதி அடங்காத நேரம் அது. 1791 ஜூலையில் ராயக்கோட்டை விழுந்தது. நவம்பரில் கும்பெனிப் படை கிருஷ்ணகிரி மேல்கோட்டையைப் பிடிக்க ஏறிப் பார்த்து, முடியாமல் இறங்கிற்று. ஆறு மாதங்கூட ஆகவில்லை. ஆனால் டேனியல்களின் ராயக்கோட்டையையும், ஓசூரையும், ஜகதேவி மலைக்கோட்டையையும் பாருங்கள், எத்தனை சாந்தம்! பாறை, வானம், ஒளி. எரிந்த கூரையையும் ஊரை விட்டு ஓடிய குடியானவனையும் காண முடியாது. இது எனக்கு நெடுநாளாக ஒரு குறை. சீமையில் இருக்கும் கனவான்களின் சுவருக்குப் படம் செய்கிறவர் அழுகையை ஏன் வரைவார் என்று கேட்டால், நியாயந்தான். இருந்தாலும் குறை குறைதானே?

அவர்களுடைய உழைப்பைக் குறை சொல்ல நாக்கு வராது. லென்ஸ் வைத்த இருட்டுப் பெட்டி ஒன்றைச் சுமந்து சென்று, எதிரேயுள்ள மலையின் நிழலைக் காகிதத்தில் விழச் செய்து, அதன்மேல் கோடிழுத்தார்கள். ஆகவே மலையின் விளிம்பில் பொய் குறைவு. 1794-ல் ஊர் திரும்பிய பின், வில்லியம் ஏழு வருஷம் காலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை செப்புத் தகடுகளோடு மல்லுக்கு நின்றார் என்பார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். அந்த வாலிபர் 1837-லேயே போய்விட்டார்; கலியாணமே செய்துகொள்ளாத தாமஸ் 1840 வரை இருந்தார்.

பெஞ்சின் மறு கோடியில் இருந்த பெரியவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். கொடுத்தேன். ராயக்கோட்டைப் படத்தில் விரல் நின்றது.

"ராயக்கோட்டை மலை! அப்படியே இருக்குது, சாமி. இதை யாரும் வெட்ட முடியாதுங்க. மேலே கோட்டை இருக்குது, கவர்மெண்டு போர்டு வச்சிருக்காங்க."

"மற்ற மலைகள்?"

அவர் பதில் சொல்லாமல் சாலையைக் காட்டினார். இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டிய கருங்கல் பாளம் ஒன்றைச் சுமந்துகொண்டு லாரி ஊர்ந்து போயிற்று. கிருஷ்ணகிரிக் கல்லுக்குக் கடல் கடந்த கிராக்கி என்பது எனக்குத் தெரியும். அந்தக் கல் ஒரு குன்றாக நின்றிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. டேனியல் தேடிப் போனது கோட்டை உள்ள மலைகளை. தொல்பொருள் இலாகா காப்பதும் அவற்றைத்தான். மொட்டைக் குன்றுக்குப் படமும் இல்லை, பலகையும் இல்லை.

பெரியவர் ஏடு ஏடாகத் திருப்பினார். கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"நம்ம குருபரப்பள்ளி இதுலே இருக்குதுங்களா, சாமி?"

"இல்லைங்க."

"குன்று ஒண்ணு இருந்துச்சு. நான் ஆடு மேய்ச்ச குன்று" என்று சொல்லி, புத்தகத்தை வேட்டித் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்தார். பஸ் வந்துவிட்டது.